கஃப் என்றால் வெள்ளிக்கிழமை: ரோட் ஐலண்டில் நான்கு நாள்

செப்டம்பர் 18, வியாழன், பிராவிடன்ஸ்

இருபத்தாறு வருடம் ஒன்பதாம் வகுப்புக்கு வரலாறு நடத்தியவள் நான். அமெரிக்க சுதந்திரப் போர் என்றால் பாஸ்டன் தேநீர் விருந்து, 1776 பிரகடனம், யார்க்டவுனில் கார்ன்வாலிஸ் சரணடைந்தது. ஐந்து மதிப்பெண் வினாவுக்கு அது போதும். போன மாதம் நியூஜெர்சியில் மகன் வீட்டில் ஒரு படம் கண்ணில் பட்டது. யார்க்டவுன் முற்றுகை நடந்த 1781-ல் டி வெர்ஜே என்ற பிரெஞ்சுப் படை அதிகாரி வரைந்த நீர்வண்ண ஓவியம். நான்கு சிப்பாய்கள் வரிசையாக நிற்கிறார்கள். இடது ஓரத்தில் நிற்பவர் கறுப்பர். வெள்ளைச் சீருடை, இறகு செருகிய தொப்பி, கையில் துப்பாக்கி. முதலாம் ரோட் ஐலண்ட் ரெஜிமென்டின் காலாட்படை வீரர் என்று கீழே போட்டிருந்தது. எத்தனை பிள்ளைகளுக்கு இந்தப் போரை நடத்தியிருக்கிறேன், ஒருநாளும் இவரைப் பற்றிச் சொன்னதில்லையே என்று அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

பாஸ்டனில் இருக்கும் அக்கா மகளிடம் சொன்னேன். “வாங்க சித்தி, போய்ப் பார்த்துட்டே வந்துடலாம்” என்றாள். இன்று அவள் லீவு. காலையில் கிளம்பி ஒன்றேகால் மணி நேரத்தில் பிராவிடன்ஸ் வந்துவிட்டோம்.

அந்த ஓவியம் இருக்கும் நாட்குறிப்பு இங்கே பிரவுன் பல்கலைக்கழகத்தில், ஜான் ஹே நூலகத்தின் போர் வரலாற்றுத் தொகுப்பில்தான் இருக்கிறது. முன்கூட்டியே எழுதிக் கேட்காமல் வந்ததால் அசலைப் பார்க்க வழியில்லை. அங்கிருந்த பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு, கணினித் திரையில் படத்தைத் திறந்து, எவ்வளவு பெரிதாக்க முடியுமோ அவ்வளவு பெரிதாக்கிக் காட்டினார். நாற்காலி ஒன்றையும் இழுத்துப் போட்டார். கால் மணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். துப்பாக்கியைத் தோளில் சாய்த்தபடி நிமிர்ந்து நிற்கிறார் அந்த வீரர். மற்ற மூவரிடமும் இல்லாத ஒரு மிடுக்கு அவரிடம் இருப்பதாக எனக்குப் பட்டது.

வெளியே வந்து வளாகத்துக்குள் நடந்தோம். 1770-ல் கட்டிய செங்கல் கட்டடம் ஒன்று நிற்கிறது. போர்க்காலத்தில் வகுப்புகளை நிறுத்திவிட்டுப் படைவீடாகவும் மருத்துவமனையாகவும் பயன்படுத்தினார்களாம். அதற்குச் சற்றுத் தள்ளி, புல்தரையில் பாதி புதைந்த இரும்புக் குண்டு போல ஒரு நினைவுச்சின்னம். அதிலிருந்து ஆள் உயரத்துக்கும் மேல் ஒரு சங்கிலி எழும்பி, பாதியில் அறுந்து நிற்கிறது. அறுந்த முனையைக் கண்ணாடி போல மெருகேற்றியிருக்கிறார்கள், அதில் வானம் தெரிகிறது. அடிமை வணிகத்தோடு இந்தப் பல்கலைக்கழகத்துக்கு இருந்த தொடர்பை நினைவுகூர 2014-ல் வைத்தது. 1764-ல் பிரவுன் குடும்பம் அனுப்பிய ‘சாலி’ என்ற கப்பல் ஆப்பிரிக்கக் கரையில் 196 பேரை வாங்கியது. அதில் 109 பேர் இறந்துபோனார்கள். அந்தக் கப்பலின் தலைவர் ஈசெக் ஹாப்கின்ஸ்தான், பதினோரே வருடம் கழித்து, விடுதலைக்காகப் போராடிய அமெரிக்கக் கடற்படையின் முதல் தளபதி. இதைப் படித்த பிறகு மலையிறங்கி நடக்கும்போது எங்கள் இருவருக்கும் பேச்சே வரவில்லை.

மதியம் பசி. இந்த மாநிலத்தின் பானம் காபி பால் என்று சொல்லி ஒரு கடையில் வாங்கிக் கொடுத்தாள், 4 டாலர். காபிப் பாகு கலந்த ஜில்லென்ற பால். சூடாக எதிர்பார்த்த நாக்குக்கு முதல் வாய் ஒரு மாதிரி இருந்தது, அப்புறம் பிடித்துப்போய்விட்டது. தொட்டுக்கொள்ள ஜானிகேக். வெள்ளைச் சோளமாவில் வெந்நீர் ஊற்றிக் கரைத்து, தோசைக்கல் மாதிரி ஒன்றில் சுட்ட அடை. ஓரம் மொறுமொறு, நடுவில் கூழ். இரண்டு 6 டாலர். வெண்ணெய் வைத்தால் போதும், மேலே ஊற்றும் இனிப்புப் பாகு அதற்கு வேண்டவே வேண்டாம்.

செப்டம்பர் 19, வெள்ளி, போர்ட்ஸ்மவுத்

அவளுக்கு இன்று அறையிலிருந்தே ஆபீஸ் வேலை. நான் தனியாக பஸ் ஏறினேன். கென்னடி சதுக்கத்திலிருந்து நியூபோர்ட் போகும் 60-ஆம் எண். டிக்கெட் 2 டாலர். ஒன்றரை மணி நேரப் பயணத்துக்கு அது கொள்ளை மலிவு. இறங்குகிற ஒவ்வொருவரும் ஓட்டுநரைப் பார்த்து நன்றி சொல்லிவிட்டுத்தான் இறங்குகிறார்கள். பள்ளிக்கூடப் பையன்கள்கூட. எனக்கு அது ரொம்பப் பிடித்தது.

பிரிஸ்டல் தாண்டியதும் ஒரு நீளமான தொங்குபாலம். கீழே சாம்பல் நிறத்தில் கடல். அதைக் கடந்தால் அக்விட்நெக் தீவு. ரோட் ஐலண்ட் என்பது முதலில் இந்தத் தீவின் பெயர்தான், மாநிலத்துக்கு அது பிறகு வந்தது. மாநிலத்தின் முழுப்பெயரில் ‘பிராவிடன்ஸ் தோட்டங்கள்’ என்றும் ஒரு வால் இருந்தது. அந்தச் சொல் அடிமைத் தோட்டங்களை நினைவூட்டுகிறது என்று 2020 நவம்பரில் வாக்கெடுப்பு நடத்தி எடுத்துவிட்டார்கள்.

அவசரப்பட்டு மணியை அடித்து முன்கூட்டியே இறங்கிவிட்டேன். ஓட்டுநர் “இங்கேயா, நிச்சயமா?” என்று கேட்டார். நான் தலையாட்டிவிட்டேன். நடைபாதை இல்லாத சாலை, பக்கத்தில் கார்கள் சீறுகின்றன, தூறல் வேறு. இருபத்தைந்து நிமிடம் புல்லோரமாக நடந்தேன். செருப்புக்குள் தண்ணீர்.

பேட்ரியட்ஸ் பூங்கா இரண்டு நெடுஞ்சாலைகள் சேரும் இடத்தில் இருக்கிறது. வாகன இரைச்சல் ஓயவே ஓயாது. கொடிக்கம்பம், கருங்கல் நினைவுச்சின்னம், அதில் அந்த ரெஜிமென்ட் வீரர்களின் பெயர்கள். 1778 ஆகஸ்ட் 29 அன்று சண்டை நடந்த நிலம் இது.

நடந்ததை நான் புரிந்துகொண்ட வரையில் எழுதுகிறேன். 1776 டிசம்பரிலிருந்து நியூபோர்ட் பிரிட்டிஷார் கையில். பாதி மாநிலம் போனபின், தான் தரவேண்டிய இரண்டு பட்டாளங்களுக்கு ஆள் சேர்க்க முடியாமல் ரோட் ஐலண்ட் திணறியது. 1778 ஜனவரியில், வேலி ஃபோர்ஜ் பாசறையின் குளிரிலும் பசியிலும், ஜெனரல் ஜேம்ஸ் வார்னம் ஒரு யோசனையை வாஷிங்டனுக்கு எழுதுகிறார்: கறுப்பர்களைக் கொண்டே ஒரு பட்டாளம் திரட்டலாம். வாஷிங்டன் தன் கருத்து எதுவும் எழுதாமல் அதை மாநில ஆளுநருக்கு அனுப்பிவைக்கிறார். பிப்ரவரியில் மாநிலச் சட்டசபை தீர்மானம் போடுகிறது. உடல் வலுவுள்ள கறுப்பின, கலப்பின, செவ்விந்திய அடிமை எவரும் போர் முடியும்வரை படையில் சேரலாம். கர்னல் கிறிஸ்டோபர் கிரீன் முன்னால் நின்று தேர்வான அந்தக் கணமே, ஒருநாளும் அடிமையாக இருந்திராதவர் போல, முழு விடுதலை. எஜமானருக்கு அரசு ஈடு கொடுக்கும். உச்ச விலை 120 பவுண்டு.

சட்டசபையில் சிலர் எதிர்த்தார்கள். சுதந்திரத்துக்குப் போராடுகிறோம் என்று சொல்லிக்கொண்டு அடிமைகளை விலைக்கு வாங்கிச் சண்டைக்கு அனுப்பினால் உலகம் என்ன நினைக்கும் என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. கேள்வி நியாயமானதுதான். ஆனால் அதற்கு அவர்கள் கண்ட பதில் எல்லாரையும் விடுவிப்பது அல்ல, யாரையும் சேர்க்காமல் இருப்பது. எஜமானர்களின் எதிர்ப்பு வலுத்ததும், ஜூன் 10-க்குப் பிறகு அடிமைகள் யாரையும் சேர்க்கக்கூடாது என்று கதவைச் சாத்திவிட்டார்கள். நான்கே மாதம். அதற்குள் புகுந்துவிட்டவர்கள்தான் இந்தக் கல்லில் இருக்கிறார்கள்.

எதிர்ப்பக்கத்தில் மட்டும் என்ன வாழ்ந்தது? கிளர்ச்சிக்காரர்களின் அடிமைகள் ஓடிவந்து எங்கள் படையில் சேர்ந்தால் விடுதலை என்று வர்ஜீனியாவின் பிரிட்டிஷ் ஆளுநர் டன்மோர் 1775-லேயே அறிவித்திருந்தார். அந்தப் பக்கம் போன கறுப்பர்களும் ஆயிரக்கணக்கில் உண்டு. விடுதலைக்கு எந்தக் கதவு திறந்ததோ அதில் நுழைந்தார்கள். அவர்களை யாரும் குறை சொல்ல முடியாது.

சண்டைக்கு வருகிறேன். நியூபோர்ட்டை மீட்க அமெரிக்க ஜெனரல் சல்லிவன் படையோடு தீவில் இறங்குகிறார், பிரெஞ்சுக் கப்பற்படை துணைக்கு வருகிறது. ஆகஸ்டில் அடித்த புயலில் கப்பல்கள் சேதமாகி, பிரெஞ்சுக்காரர்கள் பழுதுபார்க்கப் பாஸ்டனுக்குப் போய்விட, சல்லிவன் வடக்கே பின்வாங்குகிறார். 29-ஆம் தேதி காலை பிரிட்டிஷ் படை துரத்திவருகிறது. வலது அணியில் ஒரு சிறு மண் அரண். அதைக் காத்தது இப்படித் திரட்டிய முதலாம் ரோட் ஐலண்ட் ரெஜிமென்ட். அன்று தலைமை தாங்கியவர் மேஜர் சாமுவேல் வார்டு. துப்பாக்கி பிடித்து மூன்றே மாதம் ஆனவர்கள், சில மாதம் முன்புவரை இன்னொருவரின் சொத்தாக இருந்தவர்கள். எதிரே வருவது ஜெர்மனியிலிருந்து கூலிக்குக் கொண்டுவந்த ஹெஸ்ஸியப் படை, தொழிலே போர். மூன்று முறை மேட்டில் ஏறி வந்தார்கள். மூன்று முறையும் விரட்டப்பட்டார்கள். மறுநாள் இரவு சல்லிவனின் படை முழுவதும் பத்திரமாகக் கடலைக் கடந்து கரை சேர்ந்தது.

அதற்குக் கிடைத்த பாராட்டு, அன்றைய பெருமையில் இந்த ரெஜிமென்டுக்கு உரிய பங்கு உண்டு என்று தளபதி கருதுவதாக ஒரு வரி. எனக்கு அது போதவில்லை.

நோட்டில் பெயர்களை எழுத ஆரம்பித்தேன். சீசர், பாம்பே, கேட்டோ, பிரின்ஸ் என்று எஜமானர்கள் வைத்த ரோமாபுரிப் பெயர்கள், ராஜாப் பெயர்கள். பின்னால் கிரீன், பிரவுன், ஹசார்டு, ரோட்ஸ் என்று குடும்பப் பெயர். கிரீன் மட்டும் எத்தனை! கர்னல் கிரீன், ஜெனரல் நத்தானியேல் கிரீன், அப்புறம் கிரீன் குடும்பங்களுக்குச் சொந்தமாக இருந்த கிரீன்கள். ஒரே பெயர்தான் ஒருவருக்குக் குலப்பெருமையாகவும் இன்னொருவருக்குச் சூட்டுக்குறியாகவும் இருந்திருக்கிறது.

குடையோடு ஒரு முதியவர் வந்தார். கறுப்பர், எழுபத்தைந்து இருக்கும். நான் நனைவதைப் பார்த்து ஒன்றும் சொல்லாமல் குடையை என் நோட்டுக்கு மேலே பிடித்தார். எங்கிருந்து வருகிறேன் என்று கேட்டார், சொன்னேன். கல்லில் ‘கஃப்’ என்ற பெயரைக் காட்டி இதற்குப் பொருள் தெரியுமா என்றார். தெரியாது.

“கோஃபி. கானா நாட்டில் அக்கான் மக்கள், பிறந்த கிழமையைப் பெயராக வைப்பார்கள் அம்மா. கோஃபி என்றால் வெள்ளிக்கிழமை பிறந்த ஆண். அதை இங்கே கஃப் என்று எழுதிவிட்டார்கள். குவாஷ் என்றால் ஞாயிறு. குவாக்கோ என்றால் புதன்.”

நான் செவ்வாய்க்கிழமை பிறந்தவள் என்றேன். “அப்படியானால் நீங்கள் அபெனா” என்று சிரித்தார். பெயர், ஊர், மொழி எல்லாம் பறித்த பிறகும் தாய் வைத்த கிழமை மட்டும் தப்பிவந்து, சம்பளப் பட்டியலில் ஏறி, கல்லிலும் நின்றுவிட்டது. இன்று வெள்ளிக்கிழமை என்பது அப்போதுதான் உறைத்தது. தன் காரில் பஸ் நிறுத்தம்வரை கொண்டுவிட்டார். பஸ் வரும்வரை கிளம்பவில்லை.

தீவில் போர்ச்சுக்கீசிய வம்சாவளியினர் நிறைய. பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் எதிரே இருந்த பேக்கரியில் இனிப்பு ரொட்டி ஒன்று வாங்கினேன், 7 டாலர். நம் ஊர் பன் போலத்தான், எலுமிச்சை வாசம் கூடுதல். கல்லாவில் இருந்த பெண்மணி என் செருப்பைப் பார்த்து இரண்டு பிளாஸ்டிக் பையைக் கொடுத்து, காலில் சுற்றிக்கொள்ளச் சொன்னார்.

அறைக்கு வந்து பையைத் திறந்தால் நோட்டு ஊறிப்போயிருந்தது. மை கலைந்து பாதிப் பெயர்கள் நீலக் கறை.

செப்டம்பர் 20, சனி, நியூபோர்ட்

நோட்டை ஹீட்டர் மேல் விரித்துவைத்துவிட்டுப் படுத்தோம். காலையில் அப்பளம் போல் இருந்தது. அவள் நேற்று நான் எடுத்த படங்களைத் தன் லேப்டாப்பில் ஏற்றிக் கொடுத்தாள்.

காரில் நியூபோர்ட். நல்ல வெயில், ஆனால் கடற்காற்றில் குளிர். பார்க்கிங்குக்கு மட்டும் 30 டாலர். துறைமுகத்தில் பாய்மரப் படகுகள், ஐஸ்கிரீம் வரிசை, சிரிப்புச் சத்தம். இதே கரையிலிருந்துதான் ரம் பீப்பாய்கள் ஏறிப் போயின, ஆப்பிரிக்காவில் ரம்மைக் கொடுத்து மனிதர்களை வாங்கினார்கள், அவர்களைக் கரீபியத் தீவுகளில் விற்று வெல்லப்பாகு வாங்கிவந்து இங்கே மறுபடி ரம் காய்ச்சினார்கள். அமெரிக்காவிலிருந்து கிளம்பிய அடிமைக் கப்பல்களில் பாதிக்கு மேல் இந்தச் சின்ன மாநிலத்தினுடையவை.

மதியம் மட்டி. பெரிய மட்டியின் சதையை நறுக்கி ரொட்டித்தூளும் மிளகும் போட்டுப் பிசைந்து, ஓட்டிலேயே அடைத்துச் சுட்டுத் தருகிறார்கள். ஒன்று 6 டாலர். இவள் சைவம், உருளைக்கிழங்கு வறுவலோடு நிறுத்திக்கொண்டாள். மட்டி சூப் இங்கே பால் சேர்க்காமல் ரசம் போலத் தெளிவாக வைக்கிறார்கள். குளிருக்கு இதமாக இருந்தது, இரண்டாவது கிண்ணமும் வாங்கினேன்.

அப்புறம் ஃபேர்வெல் தெரு. அந்தத் தெருவில்தான் பொது இடுகாடு. அதன் ஒரு மூலைக்குக் ‘கடவுளின் சிறு நிலம்’ என்று பெயர். அடிமைகளாகவும் விடுதலை பெற்றவர்களாகவும் வாழ்ந்த ஆப்பிரிக்கர்களைப் புதைத்த இடம். பலகைக்கல் நடுகற்கள், சிறகு முளைத்த முகங்கள், பல மழையில் உரிந்துவிட்டன. அதனால் தகவல் பலகையைப் பார்த்துப் பார்த்துத்தான் படிக்க வேண்டியிருந்தது.

ஒரு கல்லின் கதை மட்டும் எழுதுகிறேன். 1768 டிசம்பரில் இறந்த கஃபி கிப்ஸ் என்பவருக்காக எழுப்பியது. அதைச் செதுக்கியவர் பாம்பே ஸ்டீவன்ஸ், கல்தச்சர் வீட்டு அடிமை. இந்தக் கல்லை வெட்டியது பாம்பே ஸ்டீவன்ஸ், தன் சகோதரனின் நினைவாக, என்று கல்லிலேயே பொறித்துவிட்டார். ஒருவர் கிப்ஸ், இன்னொருவர் ஸ்டீவன்ஸ். எஜமானர்கள் வேறு என்பதால் பெயரும் வேறு. அண்ணன் தம்பி என்று ஊருக்குச் சொல்ல அவர் கையில் இருந்தது உளி ஒன்றுதான்.

“கஃபி... இவரும் வெள்ளிக்கிழமையா சித்தி?” என்றாள். ஆமாம் என்றேன். கல்லைத் தொடாமல் பக்கத்தில் உட்கார்ந்து, புல்லில் கிடந்த காய்ந்த இலைகளைப் பொறுக்கி ஓரமாகப் போட்டாள்.

செப்டம்பர் 21, ஞாயிறு, யார்க்டவுன் ஹைட்ஸ், நியூயார்க்

என்னை நியூஜெர்சியில் கொண்டுவிட அவள் வருகிறாள். வழியை வளைத்து யார்க்டவுன் ஹைட்ஸ் என்ற சிற்றூருக்குப் போனோம். இது வேறு யார்க்டவுன். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓட்டம்.

1781 மே 14 விடியற்காலை, குரோட்டன் ஆற்றின் பைன்ஸ் பாலத்தைக் காவல் காத்துக்கொண்டிருந்த ரெஜிமென்டின் மீது, பிரிட்டிஷ் பக்கம் நின்ற அமெரிக்கர்களான டி லான்சியின் படை பாய்ந்தது. கர்னல் கிரீனும் மேஜர் எபனேசர் ஃபிளாகும் கொல்லப்பட்டார்கள். அவர்களோடு சிப்பாய்கள் பலரும். இருவரின் கல்லறையும் இங்கே பிரெஸ்பிட்டேரியன் தேவாலய வளாகத்தில் இருக்கிறது. கறுப்பு வீரர்களுக்கான நினைவுக்கல் வெகு காலம் கழித்துத்தான் வந்தது. ஊர் நடுவில் 2018-ல் வெண்கலச் சிலைகள் வைத்திருக்கிறார்கள். கர்னல், ஒரு கறுப்பு வீரர், ஒரு செவ்விந்திய வீரர். மூவரும் ஒரே உயரத்தில், ஒரே தரையில். அந்தப் பழைய பாலம் இருந்த இடம் இப்போது நியூயார்க் நகரத்துக்குக் குடிநீர் தரும் ஏரிக்கு அடியில் மூழ்கிக் கிடக்கிறது.

கர்னல் போனபின்பும் ரெஜிமென்ட் நின்றது. அந்த ஜூலையில் இவர்களின் அணிவகுப்பைப் பார்த்த பிரெஞ்சு அதிகாரி வான் குளோசன், உடையிலும் ஆயுதத்திலும் அசைவிலும் இதற்கு இணையில்லை என்று தன் குறிப்பில் எழுதினார். அக்டோபரில் யார்க்டவுன் முற்றுகையில் இருந்தார்கள். 1783 பிப்ரவரியில் பிரிட்டிஷார் கையில் இருந்த ஆஸ்வீகோ கோட்டையைப் பிடிக்கப் பனியில் நடத்திப்போனார்கள். கோட்டை கிடைக்கவில்லை, பலருக்குப் பனிக்கடியில் விரல்கள் போயின. ஜூனில் சரடோகாவில் படையைக் கலைத்தார்கள். கைக்குச் சம்பளம் வராமலே வீட்டுக்கு நடந்தார்கள். எஜமானர்களுக்கு ஈடு கொடுக்கச் சட்டம் போட்ட அரசு, சண்டை போட்டவர்களின் கூலியைப் பாக்கி வைத்தது. 1818-ல் ஓய்வூதியம் வந்தபோதும், தான் ஏழை என்று காட்டினால்தான் பணம். இரண்டு வருடத்தில், வீட்டுப் பாத்திரம் பண்டம் வரை பட்டியல் போட்டுக் கொடுக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. ஐந்து வருடம் போரிட்டவர் தன் ஒடிந்த நாற்காலியைக் கணக்கில் காட்டி நின்றிருப்பார். இதை எழுதும்போது எனக்குக் கை நடுங்குகிறது.

வழியில் மெக்சிகோக்காரர் ஒருவரின் கடையில் பீன்ஸும் சோறும், ஆளுக்கு 11 டாலர். இரவு எட்டு மணிக்கு வீடு சேர்ந்தோம். மருமகள் ரசம் வைத்திருந்தாள்.

இப்போது மணி பதினொன்று. புது நோட்டு ஒன்றை எடுத்து, காய்ந்த நோட்டைப் பக்கத்தில் வைத்து, பெயர்களைத் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறேன். நாற்பத்தொரு பெயர்கள் தெளிவாக இருக்கின்றன. மீதியைப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துத்தான் எழுத வேண்டும். தூறல் விழுந்த கல் என்பதால் சில எழுத்துகள் பளபளத்துத் தெரியவில்லை. கஃப் தெரிகிறது.